முடிச்சு நிற்காதவள்

மீகாங் ஆற்றின் கிழக்குக் கரையில், பான் தாமுவாங் என்கிற லாவோஸ் நாட்டுச் சிற்றூரில், ஒன்பதாம் மாதத்து அமாவாசையன்று மறுலோகத்தின் கதவு திறக்கும், வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் திறக்கும், அதுவும் கிழக்கு வெளுக்கும் வரைதான். அதற்குள் செத்துப்போனவர்கள் எல்லோரும் வந்து, அவரவர் வீட்டார் மடத்து மதிலோரம் வெறும் மண்ணில் வைத்திருக்கும் சோற்றுப் பொட்டலங்களைத் தேடித் தின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட வேண்டும். தரையைச் சோற்றால் அலங்கரிக்கும் நாள் என்று அதற்குப் பெயர். வாழையிலையில் ஒட்டரிசிச் சோறு, சுட்ட மீன், ஒரு துண்டு பப்பாளி, வெற்றிலை, செத்தவருக்குப் பழக்கம் இருந்திருந்தால் ஒரு சிகரெட். வைத்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பிறகு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடக்க வேண்டும். அந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது. சந்தலாவுக்கும் தெரியும், ஆனாலும் அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

அவள் புருஷன் கம்தான் மதிலோரத்துச் சம்பாப் பூமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. தலைமுடியிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைத் தவிர ஆள் அப்படியேதான் இருந்தான்.

"மீனுக்கு உப்பு பத்தலை" என்றான்.

"அவசரத்துல போட மறந்துட்டேண்ணே" என்றாள் சந்தலா.

அந்த ஊர்ப் பெண்கள் கட்டின புருஷனையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நமக்குக் காது கூசலாம், அவர்களுக்கு அதில்தான் பிரியமெல்லாம் இருக்கிறது, அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

சந்தலா மலையூர்க்காரி. ஆற்றங்கரைக்கு வாக்கப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அவளுக்குப் படகு முடிச்சு கைவரவே இல்லை. அவள் கட்டின வாழைத்தார் விழும், அவள் கட்டின எருமை பக்கத்து வயலில் நிற்கும், அவள் கட்டின பாவாடை மட்டும்தான் நிற்கிறது, அதுவும் கம்தான் செய்த புண்ணியம் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். மழைக்காலத்துக்குப் பிக்குகள் மடத்துக்குள் அடையும் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் சாயங்காலம், கம்தானுக்குக் காய்ச்சல் என்று படகை அவள்தான் கட்டினாள். விடியும்போது ஆறு பெருகியிருந்தது, முடிச்சு அவிழ்ந்திருந்தது, படகு நடுவெள்ளத்தில் போய்க்கொண்டிருந்தது. கம்தான் காய்ச்சலோடு குதித்து நீந்திப் போனான். படகு நாணல் புதரில் ஒரு கீறல் இல்லாமல் கிடைத்தது. அவன் மூன்றாம் நாள் கிடைத்தான்.

அன்றிலிருந்து ஊரில் ஒருத்தர்கூட முடிச்சைப் பற்றிப் பேசவில்லை. கேலியும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. படகுத்துறையில் நூடுல்ஸ் கடை வைத்திருந்த கம்தானின் அக்கா மணிவோன், கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தவள், வாய்க்குப் பேர்போனவள், அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் சந்தலா விழுந்து அழுதிருப்பாள். கேட்காததால் அது நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது.

மதிலோரத்தில் கம்தான் சாப்பிட்டு முடித்து இலையை மடித்தபோது, சந்தலா தன் மணிக்கட்டிலிருந்த வெள்ளை நூலைக் கழற்றினாள். மனித உடம்பில் முப்பத்திரண்டு உயிர்கள் குடியிருப்பதாக அந்த நாட்டில் சொல்வார்கள். பயத்திலோ துக்கத்திலோ நெடும்பயணத்திலோ ஒன்றிரண்டு உயிர்கள் வழிதவறிப் போய்விடும் என்பதால், நோயில் எழுந்தவருக்கும், தூரத்திலிருந்து வந்தவருக்கும், துக்கப்பட்டவருக்கும் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி உயிர்களை வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கருமாதியன்று கட்டிய நூல் அது. தூரத்திலிருந்து வந்தவனைப் பார்த்ததும் கை பழக்கத்தில் கழற்றிவிட்டது. இந்தத் தடவையாவது நிற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவன் இடது மணிக்கட்டில் ஏழு முடிச்சுப் போட்டாள். செத்தவனுக்கு நூல் கட்டக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அப்படி ஒருத்தி கட்டுவாள் என்று யாருக்குத்தான் தோன்றியிருக்கும்?

கிழக்கு வெளுத்தது. மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கம்தான் எழுந்து, சோம்பல் முறித்து, வீட்டுக்கு நடந்தான்.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள ஒன்றரை நாள் ஆயிற்று. முதல் அரை நாள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த நாள் காலையில் மணிவோன் ஒரு கிண்ணம் நூடுல்ஸோடு வந்து, தம்பியின் முன்னால் வைத்து, அவன் தொடாததைப் பார்த்து, கிண்ணத்தைத் தரையில் இறக்கி வைத்தாள். தரையில் வைத்ததும் சாப்பிட்டான். "செத்தவனுக்குத் தரையிலதான் வைக்கணும், இதுகூடத் தெரியாம என்ன பொண்டாட்டி நீ" என்று சந்தலாவைத் திட்டிவிட்டுப் போனாள். அதன்பின் ஊரும் அதை அதன்போக்கில் எடுத்துக்கொண்டது. அவன் நடந்த இடமெல்லாம் ஈரமானதால் வீடுகளில் அவனுக்கென்று தனிப்பாய் போட்டார்கள். நாய்கள் இரண்டு நாள் குரைத்தன, பிறகு அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டன.

ஒரு விஷயம் மட்டும் எல்லோரும் கவனித்தார்கள். கம்தான் இடது கையை மூடியே வைத்திருந்தான். கும்பிடும்போதும் மூடிய கைமேல் வலது கையை வைத்துத்தான் கும்பிட்டான். உறங்கும்போதும் திறக்கவில்லை. செத்தவர்கள் அங்கேயிருந்து எதையாவது பிடித்துக்கொண்டு வருவார்கள், நமக்கெதற்கு என்று ஊர் விட்டுவிட்டது. சந்தலா மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்வாள். நடுவெள்ளத்தில் அவன் கைக்கு எட்டிய கடைசிப் பொருள் படகின் கயிறு என்றும், அவிழ்ந்த அந்த முனையைத்தான் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறான் என்றும், ஒருநாள் கையைத் திறந்து தன் முகத்துக்கு நேரே காட்டுவான் என்றும் அவள் நினைத்துக்கொண்டாள். கேட்கத் துணிவில்லாமல் உப்பைக் கூடக் கொஞ்சம் போட்டுச் சமைத்தாள்.

மழைக்காலம் முடிந்து பிக்குகள் வெளியே வரும் பௌர்ணமியில், வாழைமட்டையில் செய்த தீப ஓடங்களை ஊரே ஆற்றில் விட்டது. மறுநாள் படகுப் பந்தயம். பான் தாமுவாங்கின் படகு இருபத்திரண்டு வருஷமாகக் கடைசியிலிருந்து ஒன்றாவதாகவோ இரண்டாவதாகவோ வருகிற படகு. ஊர்த்தலைவர் வியெங்சாய்க்கு அந்தக் கவலையிலேயே முடி கொட்டிவிட்டது என்பார்கள். அந்த வருஷம் அவர் கம்தானைப் படகின் முன்முனையில் உட்கார வைத்தார். அவன் துடுப்புகூடப் போடவில்லை, வலது கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். தான் கொன்றவனின் முகத்தைப் பார்க்க ஆற்றுக்கு வெட்கமாக இருந்ததோ என்னவோ, இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. எட்டுப் படகு நீளத்தில் ஜெயித்தார்கள். செத்தவனை ஏற்றியது செல்லாது என்று எதிரூரார் வழக்குப் போட, நடுவர்கள் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, படகோட்டி உயிரோடிருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வியெங்சாய் கோப்பையைக் கட்டிக்கொண்டு படுத்தார்.

அந்தக் குளிர்காலம்தான் சந்தலாவின் வாழ்க்கையில் நல்ல காலம். நவம்பர்த் திருவிழாவில் இருவரும் மெழுகுப் பூக்களோடு மடத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். டிசம்பர் இரண்டாம் தேதி, தேசிய நாளன்று, கொடியேற்ற வந்த மாவட்ட அதிகாரி வரிசையில் ஈரம் சொட்ட நின்றவனைப் பார்த்து யாரென்று கேட்டதற்கு, "குளிச்சிட்டு வந்திருக்கான்" என்றார் வியெங்சாய், அதிகாரியும் தலையாட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். சாயங்காலங்களில் அவன் படியில் உட்கார்ந்திருப்பான், அவள் பக்கத்தில் மீன் உலர்த்துவாள். அவிழாத ஒரு முடிச்சைத் தன் வாழ்நாளில் போட்டுவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் எட்டாம் தேதி பெண்கள் நாள். அன்றைக்கு நாடு முழுக்கப் பெண்களுக்கு விடுமுறை. ஆண்கள் சமைப்பார்கள், பெண்கள் கால்நீட்டி உட்கார்ந்து பீர் குடிப்பார்கள், பாட்டுப் போட்டு ஆடுவார்கள். கம்தானும் ஒற்றைக் கையால் மீனைக் கொத்திப் புதினா தூவி ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தான். நேராகச் சந்தலாவிடம்தான் வந்தான்.

"இதைச் சந்தலாகிட்டக் குடுத்துடுங்க. எங்க உக்காந்திருக்கான்னு தெரியலை" என்றான்.

பெண்கள் சிரித்தார்கள், விளையாடுகிறான் என்று. சந்தலா அவன் கண்ணைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

"குடுத்துடறேன்" என்று வாங்கிக்கொண்டாள். உப்பு சரியாக இருந்தது. முழுத் தட்டையும் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள், அன்றைக்கு அவள் ஆடவில்லை.

மடத்துப் பெரிய பிக்கு பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவை கதவு தப்பினா அடுத்த வருஷம் போயிடலாம்மா. ரெண்டாவது தடவையும் தப்பினா அவனுக்குப் பிறப்பே கிடையாது. போற இடமும் தெரியாது, வந்த இடமும் தெரியாது. பசி மட்டும் தெரியும். இப்ப மறக்க ஆரம்பிச்சிருக்கான், அவ்வளவுதான்."

"அறுத்துடட்டுமா சாமி?"

"நூலை அறுக்கக்கூடாது. கூப்பிட்ட உயிரும் சேர்ந்து அறுந்துபோகும். கட்டினவங்க கையாலதான் அவிழ்க்கணும், கதவு திறந்திருக்கிற நேரத்துல."

ஒன்பதாம் மாதத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காக வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏப்ரலில் புத்தாண்டு வந்தது. ஆற்றுமணலில் கோபுரம் கட்டி, பெரியவர்களின் கையில் பூத்தண்ணீர் ஊற்றி, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நனைக்கும் மூன்று நாள். கம்தான் மேல் ஊற்றிய தண்ணீர் அவனுக்குள்ளே புகுந்து மறுபக்கம் வந்து விழுந்தது. அவ்வளவு மெலிந்திருந்தான், பின்னாலிருந்த மாமரம் தெரிந்தது. ஊருக்குப் பயம் பிடித்துக்கொண்டது, படகுப் பந்தயம் வருகிறதே. நூல் கட்டும் சடங்கை அவனுக்காகவே வைத்து, ஊரிலுள்ள அறுபத்து மூன்று பேரும் வரிசையில் வந்து, "இரு, இங்கேயே இரு" என்று வாழ்த்தி வலது மணிக்கட்டில் நூல் கட்டினார்கள். முழங்கை வரை வெள்ளையாகிவிட்டது. கட்டினவர்கள் எல்லோரும் அவன் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். கட்டாதீர்கள் என்று சொல்ல அந்த ஊரில் தனக்கு மட்டும் உரிமை இல்லை என்று சந்தலா நினைத்தாள்.

மே மாதத்தில் மழை கேட்டு வாணம் விடும் திருவிழா. மூங்கில் சாரத்தில் ஏறித் திரி கொளுத்த அவனைத்தான் அனுப்பினார்கள். வாணம் போய், மேகம் கிழிந்து, மழையும் வந்தது. கம்தான் இறங்கி வந்து, "இது என்ன, மேலேயிருந்து விழுது?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டான். ஜூலையில் பிக்குகள் மறுபடி மடத்துக்குள் அடைந்தார்கள். அப்போது அவனுக்கு வீடு தெரியவில்லை. சாயங்காலமானால் தெரியாத எந்த வீட்டுப் படியிலாவது உட்கார்ந்திருப்பான், சந்தலா போய்க் கூட்டி வருவாள். "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே வருவான். இடது கை மட்டும் மூடியே இருந்தது.

அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு ஊர்க்கூட்டத்தில் சந்தலா எழுந்து நின்றாள்.

"எல்லாரும் அவங்கவங்க நூலை அவுத்துடணும்" என்றாள்.

"அக்டோபர்ப் பந்தயம் வரைக்கும் இருக்கட்டும் சந்தலா" என்றார் வியெங்சாய். கெட்ட மனிதர் இல்லை அவர். "ரெண்டே மாசம். இந்த ஊருக்கு வேற என்ன இருக்கு, சொல்லு?"

"இந்தக் கதவும் தப்பினா அவங்களுக்கு அடுத்த கதவு இல்லைண்ணே."

"அவன் இங்க நல்லாத்தானே இருக்கான்."

சந்தலா உட்காரவில்லை. "அந்தப் படகைக் கட்டினது நான்" என்றாள். "எல்லாருக்கும் தெரியும். ஒரு வருஷமா யாரும் சொல்லலை, அதனால நானே சொல்றேன். என் முடிச்சு அவுந்துதான் செத்தாங்க. இப்ப என் முடிச்சு அவுழாமத்தான் சாக முடியாம நிக்கிறாங்க. ரெண்டும் நான் பண்ணினது. நீங்க உங்களுதை மட்டும் அவுத்துக் குடுங்க, போதும்."

மூலையிலிருந்து மணிவோன் எழுந்தாள், மூக்கைச் சிந்தினாள், "அமாவாசையன்னிக்கு முதல் ஆளா நான் வரேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போனாள்.

அமாவாசை விடியலுக்கு முன் சம்பா மரத்தடியில் கம்தானை உட்கார வைத்து, ஊரே வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக வந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தன் நூல் எதுவென்று தேடி, நகத்தாலும் பல்லாலும் ஊசி முனையாலும் முடிச்சை அவிழ்த்து, "போயிட்டு வா" என்றார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான், ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. மணிவோன் அவிழ்த்ததும் அவன் கன்னத்தைத் தொட்டாள், விரலில் ஈரம் மட்டும் ஒட்டியது. வியெங்சாய் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நேரத்தைப் போக்கினார், பிறகு அவரும் அவிழ்த்தார். மதிலுக்கு அப்பால் மற்ற செத்தவர்கள் இலையை மடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கிழக்கில் ஒரு கோடு வெளுத்தது.

சந்தலா அவன் முன்னால் முழங்காலிட்டு இடது மணிக்கட்டைப் பிடித்தாள். நூலைச் சுற்றி விரலால் தடவினாள். ஒரு சுற்று தடவினாள், மறுபடி தடவினாள். முடிச்சு இல்லை. ஏழில் ஒன்றுகூட இல்லை. நூலின் இரண்டு முனையும் மூடிய கைக்குள்ளே போயிருந்தன.

"இதுல முடிச்சு இல்லையே" என்றாள்.

"மெதுவாப் பேசுங்க" என்றான் கம்தான். "அது கட்டின அன்னிக்கே அவுந்துபோச்சு. வீட்டுக்குப் போற வழியிலேயே."

"அப்புறம் ஏன் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க?"

அவன் யோசித்தான். ரொம்பத் தூரத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவருகிறவனைப் போல யோசித்தான். "ஒரு பொண்ணு கட்டினா. பேர் ஞாபகம் இல்லை. அவ முடிச்சு நிக்காது. இதுவும் அவுந்துடுச்சுன்னு தெரிஞ்சா அழுவா. அதான், அவ பாக்காம பிடிச்சிக்கிட்டிருக்கேன்." பிறகு கேட்டான்: "நீங்க அவளைப் பாத்தீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

"பாத்தேன்" என்றாள் சந்தலா. "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அழுதாளா?"

"இல்லை. அழலை. உங்களை விட்டுடச் சொன்னா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தாண்ணே. கை வலிக்கும், விடுங்க."

கம்தான் விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒரு வருஷம் மூடியிருந்த உள்ளங்கையில் நூலின் தடம் பதிந்திருந்தது. நூல் நழுவி அவள் மடியில் விழுந்தது. அவன் எழுந்து, மதிலோரம் போய்க்கொண்டிருந்த கூட்டத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால், அவசரமில்லாமல் நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. சட்டப்படி சந்தலாவும் பார்க்கக்கூடாது, அவள் தலையைக் குனிந்து மடியிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது நனைய ஆரம்பித்தபோது நன்றாக விடிந்திருந்தது.

அந்த அக்டோபரில் பான் தாமுவாங்கின் படகு கடைசியாக வந்தது. யாரும் வியெங்சாயிடம் எதுவும் சொல்லவில்லை. ஆண்கள் படகைக் கரைக்கு இழுத்துவிட்டுச் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, மணிவோன் கயிற்றின் முனையை எடுத்து வந்து சந்தலாவின் மேல் போட்டாள்.

"கட்டு" என்றாள்.

"நானா?"

"நீதான். உன் முடிச்சு ஒரு ராத்திரி தாங்காதுன்னு ஊருக்கே தெரியும். கட்டு."

ஒரு வருஷத்துக்கும் மேலாக யாரும் சொல்லாத கேலி அது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், அப்புறம் இன்னும் இரண்டு பேர். சந்தலா நிதானமாக ஏழு முடிச்சுப் போட்டாள்.

காலையில் அவள் ஓடி வந்து பார்த்தபோது கம்பத்தில் முடிச்சு இல்லை, வழக்கம்போல அவிழ்ந்துதான் இருந்தது. படகு மட்டும் துறையிலேயே கிடந்தது. பக்கத்தில் ஈரமண்ணில் மணிவோன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள், கயிற்றின் முனை அவள் மூடிய கைக்குள் இருந்தது.